அண்ணி நேர்ந்துகொண்ட தலைகள்

என் அண்ணி கன்னியம்மாளுக்குச் சாமியிடம் பேரம் பேசுவதில் கூச்சமே கிடையாது. விசைத்தறியில் பெல்ட் அறுந்தால் திருத்தணி முருகனுக்கு ஒரு தேங்காய். நூல் வாங்கப் போன அண்ணன் சொன்ன நேரத்துக்கு வரவில்லையென்றால் கங்கம்மாவுக்குப் பொங்கல். இதெல்லாம் சில்லறைப் பேரம். விஷயம் பெரிதாகிவிட்டால் அண்ணி நேராகத் திருமலைக்குப் போய்விடுவாள். அங்கே கொடுக்கிற பொருள் முடி, அதுவும் அடுத்தவர் முடி.

அவள் மகன் தணிகைவேலுக்கு நாலு வயதில் மஞ்சள் காமாலை வந்து போனது, மொட்டை. பத்தாவது தேறினான், மொட்டை. மஸ்கட்டில் வேலை கிடைத்து விசா வந்தபோதும் மொட்டைதான். பாஸ்போர்ட்டில் சுருட்டை முடியோடு ஒருவனும் கவுண்டருக்கு எதிரே மொட்டையாக ஒருவனும் இருந்ததால் மெட்ராஸ் ஏர்போர்ட்டில் அதிகாரி அவனை இரண்டு முறை காதைத் திருப்பிக் காட்டச் சொன்னாராம். என் அண்ணன் ஜெயச்சந்திரன் தறிக் கொட்டகைக்குக் கரண்ட் இணைப்பு வாங்கியதற்காக மொட்டை போட்டவர். மின்சார வாரியத்தில் எத்தனை பேர் தலைமுடியால் வேலை நடந்தது என்று யாராவது கணக்கெடுத்தால் எங்கள் வீட்டுப் பெயர் முதலில் வரும்.

நானும் தப்பவில்லை. 1994இல் ஆசிரியர் தேர்வு எழுதித் தேறினேன். அந்தச் செய்தியோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. வேலையில் சேர்ந்த முதல் நாள் முக்காடு போட்டுக்கொண்டு போனேன். மதியத்துக்குள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். முடி வளர்ந்து பின்னல் போட்ட பிறகும் ‘மொட்டை டீச்சர்’ என்ற பெயர் மட்டும் நாலு வருஷம் போகவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் உண்டு. இதை அண்ணியிடம் நேரிலேயே பல தடவை சொல்லியிருக்கிறேன்.

2007 ஜூனில் நகரிக்கு அனாஹித் வந்தாள். ஆர்மீனியா நாட்டுப் பெண், இருபத்தைந்து வயது, பிசியோதெரபி படித்தவள். எங்கள் ஊரில் நடக்க முடியாத குழந்தைகளுக்காக ஒரு தொண்டு நிறுவனம் பகல் மையம் நடத்தியது. அதில் சம்பளமில்லாமல் ஒன்பது மாதம் வேலை செய்ய வந்திருந்தாள். அவளைத் தங்கவைக்க ஒரு குடும்பம் தேவை என்றார்கள். தணிகைவேல் மஸ்கட் போனதிலிருந்து அவன் அறை பூட்டிக் கிடந்தது. மையத்தில் சனிக்கிழமைகளில் பாடம் சொல்லிக்கொடுத்த நான் அண்ணியிடம் கேட்டேன்.

"மாமிசம் துன்னுமா?" என்றாள் அண்ணி.

"துன்னும்."

"அப்ப வரட்டும்."

விசாரணை அவ்வளவுதான். நான் அடுத்த சந்தில் இருப்பவள், ஆங்கிலம் தெரிந்தவள். ஆகவே மொழிபெயர்ப்பு வேலை என் தலையில் விழுந்தது.

முதல் வாரம் அனாஹித் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கினாள். வீட்டுக்குப் பின்னால் நாலு தறி ஓடினால் என்ன சத்தம் வரும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இரண்டாம் மாதம் பஞ்சை எறிந்துவிட்டாள். கரண்ட் போய்த் தறி நின்றால் எங்களைப் போலவே அவளும் திடுக்கிட்டு விழித்தாள். அண்ணி இதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

அண்ணிக்குப் பிடிக்காதது ஒன்றுதான். அனாஹித் எதற்கெடுத்தாலும் நன்றி சொன்னாள். தண்ணீர் கொடுத்தால் ஒன்று, தட்டு வைத்தால் ஒன்று, சாம்பார் ஊற்றினால் கரண்டிக்கு ஒன்று. அண்ணி இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"இன்னா கலா, அந்தப் பொண்ணு வேத்து மனுசியாட்டம் எண்ணி எண்ணி தேங்க்ஸ் சொல்லிக்கினு கீது. நான் இன்னா ஓட்டலா நடத்தறேன்?"

நான் அனாஹித்திடம் எடுத்துச் சொன்னேன். அவள் யோசித்து, ஒரு நாளைக்கு ஒரு நன்றி என்று சுருக்கிக்கொண்டாள். அதைப் படுக்கப் போகும்போது மொத்தமாகச் சொல்லிவிடுவாள்.

அவள் ஊரிலிருந்து காப்பித்தூளும் நீளக் கைப்பிடி வைத்த சின்னச் செம்புக் குவளையும் கொண்டுவந்திருந்தாள். வடிகட்டாத கறுப்புக் காப்பி. குடித்ததும் கப்பைக் கவிழ்த்து வைத்து, அடியில் படிந்த மண்டியைப் பார்த்து ஜோசியம் சொல்வாள். அவள் ஊரில் பெண்களுக்கு அது மாலைப் பொழுதுபோக்காம். அண்ணி கஷாயத்தைக் குடிப்பதுபோல மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டுக் கப்பை நீட்டுவாள். அனாஹித் கெட்டிக்காரி. ஒரே வாரத்தில் அண்ணிக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டாள். அண்ணியின் எல்லாக் கப்பிலும் தணிகைவேல் மஸ்கட்டிலிருந்து கிளம்பி வந்துகொண்டே இருந்தான். நிஜத்தில் அவன் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மாலையில் மையம் முடிந்து வந்ததும் அண்ணி அவளைப் பிடித்து உட்காரவைத்துத் தலை வாருவாள். இடுப்பு வரை முடி, காய்ந்த தென்னை மட்டையின் நிறம்.

"எண்ணையே காட்டாத வளத்து வெச்சிக்கீறாங்க பாரு" என்று அண்ணி அவள் அம்மாவைத் திட்டிக்கொண்டே ஒரு கிண்ணம் தேங்காய் எண்ணெயைக் காலி செய்வாள். நெற்றியில் எண்ணெய் வழிய, கனகாம்பரம் வைத்துக்கொண்டு அனாஹித் சிலைபோல உட்கார்ந்திருப்பாள். ஊரில் அவளுக்கு நிச்சயமாகியிருந்தது. ஈஸ்டர் முடிந்து ஏப்ரலில் கல்யாணம். மாப்பிள்ளை படத்தைப் பார்த்து அண்ணி கேட்ட ஒரே கேள்வி, "குடிப்பானா?" என்பது. விருந்தென்றால் குடிப்பான், தினமும் இல்லை என்று அனாஹித் ஒளிக்காமல் சொன்னாள். அண்ணிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

அக்டோபர் மழையில் அவளுக்கு டெங்கு வந்தது.

நகரியில் பார்த்து, அங்கிருந்து திருப்பதிக்கு அனுப்பினார்கள். ரத்தத் தட்டணுக்கள் இருபதாயிரத்துக்குக் கீழே போய்விட்டன. ஈறில் ரத்தம் கசிந்தது. அண்ணி ஆறு நாள் ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. அனாஹித்தின் அம்மா தினமும் போன் செய்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு ஆர்மீனிய மொழி தெரியாது. ‘அனாஹித் குட், அனாஹித் குட்’ என்று நான் பொய் சொல்வேன். அந்தப் பக்கம் அவள் அழுவாள், இந்தப் பக்கம் அண்ணி அழுவாள், நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் ஏழுமலை தெரியும். அண்ணி அந்த ஜன்னலோரமே கதியென்று கிடந்தாள்.

ஏழாம் நாள் எண்ணிக்கை ஏறியது. பத்தாம் நாள் அனாஹித்தை வீட்டுக்கு அழைத்துவந்தோம். நவம்பரில் அவள் மறுபடி மையத்துக்குப் போகத் தொடங்கினாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் அண்ணியிடம் ஏதோ சரியில்லை. அனாஹித் தும்மினால் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். தலை வாரும்போது வாய் ஓயாமல் பேசுகிறவள், இப்போது பேசாமல் வாரினாள். ஜனவரியில் பொங்கலுக்கு மாவரைக்கப் பச்சரிசி எடுக்க அண்ணி வீட்டு அரிசி டிரம்மைத் திறந்தேன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. அதற்குள் உருட்டி உருட்டி வைத்த பழுப்பு முடி.

எனக்கு முதலில் தோன்றியது சூனியம். இரண்டாவதாகத் தோன்றியதுதான் நியாயமாக இருந்தது. எங்கள் தெருவில் சவரி முடிக்காரன் வருவான், சீப்பில் வரும் முடியைக் கொடுத்தால் பாத்திரம் தருவான்.

"இன்னா அண்ணி, வெளிநாட்டு முடின்னா குக்கர் தரேன்னானா?"

அண்ணி சிரிக்கவில்லை. "அது பாத்திரத்துக்கு இல்ல. பெருமாளுக்கு" என்றாள்.

நான் அப்படியே மணையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணி, அந்தப் பொண்ணு தலையவா நேந்துக்கின?"

"இன்னா பண்ணச் சொல்ற? பல்லுல ரத்தம் வந்துக்கினு கீது. டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. எதுர்ல மல கீது. வாயில வந்துடுச்சி. இந்தப் புள்ளய எழுப்பி உட்டுடு, கூட்டியாந்து மொட்ட அடிக்கிறேன்னு சொல்ட்டேன். சொல்ட்டு அப்பால தான் யார் புள்ளன்னு ரோசன வந்துது."

சீப்பில் உதிர்கிற முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒரு தலை அளவுக்கு வந்ததும் மலையில் கொண்டுபோய்ச் செலுத்திவிடலாம் என்பது அவள் திட்டம். தவணை முறையில் மொட்டை. நான் கோபத்தில் கத்தினேன். உதிர்ந்த முடியைச் சாமிக்குக் கொடுப்பாயா, எச்சில் தட்டில் படையல் போடுவாயா என்று கேட்டேன். அது அவளுக்குச் சுருக்கென்று பட்டது. அன்றைக்கே அந்தக் கவரை எடுத்துப்போய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்தாள்.

"பெண்களுக்குத்தான் மூணு கத்தரி இருக்குதே. பூமுடி குடுத்தா போதுமே" என்றேன். நுனியில் மூன்று முறை கத்தரித்து எடுத்துக்கொள்வார்கள். பாதிப் பெண்கள் அப்படித்தான் வேண்டுதலை முடிக்கிறார்கள்.

"மொட்டன்னு சொல்ட்டேன் கலா. பூமுடின்னு வாய் தவறிக் கூட சொல்லல. செங்கம்மா மவன் கதை தெரியும் இல்ல? நேந்துக்கினு வருசம் வருசமா தள்ளிப் போட்டா. திரும்பப் படுத்தான் இல்ல?" அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்க வந்தாலாவது நான் கீறேன். அந்த ஊர்ல போய் ஜொரம் திரும்பிச்சின்னா? கல்யாணப் பொண்ணு கலா."

பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி அனாஹித்துக்கு விமானம். அதற்குள் வேண்டுதல் முடிய வேண்டும். நீயே சொல்லு என்று என்னைக் கெஞ்சினாள். மாட்டேன் என்றேன். ஒருத்தி தலையைக் கேட்காமல் கொடுத்தது நீ, கேட்கிற அசிங்கமும் உன்னுடையதே என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். பதின்மூன்று வருஷக் கோபம் வட்டியோடு வந்தது.

அண்ணி தானே முயன்றாள். எதிர்வீட்டுக் கைக்குழந்தை மொட்டை போட்டு வந்ததும் தூக்கிக்கொண்டுபோய் அனாஹித்திடம் காட்டினாள். "பாரு, எவ்ளோ அழகு. மொட்ட அழகு" என்று தன் தலையைத் தடவிக் காட்டினாள். அனாஹித் குழந்தைக்கு முத்தம் கொடுத்து, சாக்லேட்டும் கொடுத்து அனுப்பினாள். மறுநாள் அண்ணி, உச்சந்தலையில் சூடு, வெயில் வருகிறது, முடி பாரம் என்று சைகையில் சொன்னாள். அனாஹித் நன்றி சொல்லிவிட்டு ஒரு தொப்பி வாங்கிக்கொண்டாள். அண்ணன் தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அவர் தறியை நிறுத்துவதே அபூர்வம்.

சிரிப்பு எனக்கும் வந்தது. ஆனால் அன்று அண்ணி சாப்பிடவில்லை என்று தெரிந்தபோது அது போய்விட்டது. மறுநாள் நானே அனாஹித்தை அடுக்களையில் உட்காரவைத்து முழுக் கதையையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அண்ணி கரண்டியோடு கதவோரம் நின்றாள்.

அனாஹித் முதலில் சிரித்தாள். பிறகு கை தானாகப் பின்னலைப் பிடித்துக்கொண்டது.

"செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று நம்புகிறார்கள்?" என்று கேட்டாள்.

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி தரையைப் பார்த்தாள். "திரும்ப வரும்" என்றாள் மெல்ல. அதைப் பெயர்த்துச் சொன்னேன். அனாஹித் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

பின்னலை விட்டுவிட்டு, "என் அம்மாவும் ஒன்று நேர்ந்துகொண்டாள்" என்றாள். ஒரு ஆடு. பெண் பிழைத்தால் கொடுப்பதாகச் சொல்லி, பிழைத்ததும் ஆட்டுக்குச் பாதிரியார் மந்திரித்த உப்பை ஊட்டி, தேவாலயத்தை மூன்று சுற்று சுற்றி, வெட்டி, வேகவைத்து ஏழு வீட்டுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தாயிற்றாம். மறுநாளைக்கு ஒரு துண்டுகூட மீதி வைக்கக் கூடாதாம்.

அண்ணி நிமிர்ந்தாள். இத்தனை மாதத்தில் எண்ணெய் காட்டாத அம்மா என்று திட்டிக்கொண்டிருந்தவள், அந்த அம்மாளைப் பற்றி மரியாதையாகப் பேசியது அப்போதுதான்.

"நம்ம கங்கம்மாவுக்கு வெட்றா மாரியே கீதே. நல்ல பொம்பள தான். அப்பவே முடிச்சிட்டாங்களா?" அதற்குள் வேறொரு கவலை வந்துவிட்டது. "அப்ப இவள எழுப்பனது யாரு? அவங்க சாமியா, நம்ம பெருமாளா?"

"ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கினாங்க" என்றேன். "ஆனா அந்தம்மா ஆட்டத்தான் குடுத்தாங்க. உன்ன மாரி அடுத்தவங்க தலைய இல்ல."

இதையும் அனாஹித்துக்குச் சொன்னேன். "ஆட்டையும் யாரும் கேட்கவில்லை, என்னையும் யாரும் கேட்கவில்லை" என்றாள் அவள். அதை நான் தமிழில் சொன்னதும் அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. "தப்பு தான். சொல்லு அவகிட்ட, தப்பு தான்னு" என்றாள். பதின்மூன்று வருஷமாக என்னிடம் சொல்லாத வார்த்தை.

அனாஹித் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். ஆனால் மொட்டைக்குச் சம்மதிக்கவில்லை. கல்யாணத்தில் முக்காடு துணிக்கு அடியில் மொட்டையோடு நிற்க முடியாது, மன்னியுங்கள் என்று தெளிவாகச் சொன்னாள். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் ஒருத்தராவது அண்ணியிடம் முடியாது என்று சொன்னார்களே. பிறகு நான் மூணு கத்தரியைப் பற்றி விளக்கினேன். அதற்கு உடனே சரி என்றாள். அண்ணியும் "சரி" என்றாள். அந்த ‘சரி’ ரொம்பச் சுலபமாக வந்தது. நான் கவனித்திருக்க வேண்டும்.

பிப்ரவரி மூன்றாம் வாரம் மூவரும் பஸ் ஏறினோம். புத்தூரில் அனாஹித் கொய்யாப்பழம் வாங்கி நீட்டினாள், அண்ணி முடி கொடுத்த பிறகுதான் சாப்பிடுவேன் என்றுவிட்டாள். மலைமேல் முடி எடுக்கிற கல்யாண கட்டாவில் எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவளே வரிசையில் போய் டோக்கன் வாங்கி வந்தாள். கையில் இரண்டு டோக்கனும் இரண்டு பாதி பிளேடும் இருந்தன. மூணு கத்தரிக்குப் பிளேடு எதற்கு என்று கேட்டேன். குடுத்தாங்க, வாங்கினேன் என்றாள்.

உள்ளே ஈரத் தரை, வரிசையாகப் பெண்கள், அழுகிற குழந்தைகள். முடி எடுக்கிற பெண் அனாஹித்தைப் பார்த்ததும் தெலுங்கில் வாய்விட்டு அதிசயப்பட்டாள். அண்ணி அனாஹித்தை உட்காரவைத்துத் தானே பின்னலை அவிழ்த்துவிட்டாள். கத்தரி மூன்று முறை நறுக்கியது. மூன்று சின்னக் கற்றைகள், அவ்வளவுதான். அனாஹித் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அவள் எழுந்ததும் அந்த இடத்தில் அண்ணி உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்துத் தலையைக் குனிந்தாள். பிளேடை நீட்டித் தெலுங்கில் சொன்னாள். "பாப்பாவுக்கு மூணு கத்தரி ஆச்சு. மிச்சத்த என்கிட்ட எடுத்துக்க."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அதற்குள் அந்தப் பெண் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டாள். அனாஹித்துக்கு என்ன நடக்கிறதென்று தெரிந்ததும் ‘நோ, அம்மா, நோ’ என்று கையைப் பிடித்தாள். அண்ணி குனிந்தபடியே அவள் கையைத் தட்டிவிட்டாள். நரை ஓடிய முடி கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. அனாஹித் தன் மொழியில் ஏதோ கோபமாகச் சொல்லிக்கொண்டே அழுதாள்.

முடிந்ததும் குழாயடியில் குளித்துவிட்டு அண்ணி வெளியே வந்தாள். சந்தனக் கிண்ணத்தை வாங்கி அனாஹித்தான் அவள் தலையில் பூசினாள். காது ஓரத்தில்கூட விடாமல் பூசினாள். அண்ணியின் முகம் தெளிந்திருந்தது. நான்கு மாதத்தில் முதல் முறையாக அப்படிப் பார்த்தேன். பசிக்கிறது, கொய்யாப்பழத்தை எடு என்றாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "எங்க தலையையெல்லாம் கேக்காதயே குடுத்த. மூணு மாசத்துல வளந்துடும்னு எல்லார்க்கும் சொன்ன. இவ மாட்டேன்னதும் பேசாத வுட்டுட்டயே. ஒரு தரம் கெஞ்சிப் பாத்தியா? இவளுக்கும் வளரும் இல்ல?"

அண்ணி பழத்தை இரண்டாகப் பிட்டுப் பெரிய பாதியை அனாஹித்திடம் கொடுத்தாள்.

"வளரும். எனுக்குத் தெரியாதா?" என்றாள். "உங்க எல்லாருக்கும் வளந்தத நான் தெனிக்கும் பாத்துக்கினு இருந்தேன். இவளுக்கு வளர்றத பாக்க நான் அங்க இருக்க மாட்டேனே கலா."

அனாஹித் என் தோளைத் தொட்டு, அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். பெயர்த்துச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.